ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கப் போகிறீர்களா?

சுங்கை சிப்புட்டில் செம்பனைப் பழத்தைத் தூண்டில் முள்ளில் குத்திப் பாத்தின் மீன் பிடித்தே பழகியவன் நான். சால்மனிடம் அந்த வித்தை பலிக்காது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறியதுமே அது இரை எடுப்பதை நிறுத்திவிடும். அப்புறம் ஏன் கடிக்கிறது? எரிச்சலில் என்கிறார்கள். அதனால் இறகும் நூலும் வைத்துக் கட்டிய போலி ஈயை அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடவிட வேண்டும்.

அங்கே படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். என் ஓட்டு டே ஆற்றுக்குத்தான். 1922-இல் ஜோர்ஜினா பாலன்டைன் என்ற பெண் 64 பவுண்டு, அதாவது 29 கிலோ சால்மனைப் பிடித்தது அங்கேதான். தூண்டிலில் சிக்கியதில் பிரிட்டனின் சாதனை மீன் அதுவே. ஸ்பே ஆறு நல்ல வேகம். நீளக் கழியை இரு கையாலும் வீச வேண்டும். முதுகுவலிக்காரர்கள் யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் திட்டம் போடாதீர்கள். ஸ்காட்லாந்தில் அன்று சால்மன் பிடிப்பது சட்டப்படி குற்றம். டே ஆற்றில் பருவம் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. லைசென்ஸ் வேண்டாம், சரி. ஆனால் மீன்பிடி உரிமை வைத்திருப்பவரிடம் பெர்மிட் வாங்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.