ரொட்டேஷனில் எந்தப் பிரிவு எப்போது?

அமெரிக்கப் பெருநிறுவனத்தின் ஃபைனான்ஸ் ரொட்டேஷன் திட்டத்தில் (பிரிவு பிரிவாக மாறி வேலை பழகும் திட்டம்) ஜூலையில் சேர்பவர்கள், ஆறு மாத முதல் சுற்றுக்கு பட்ஜெட் போடும் எஃப்பி அண்ட் ஏ பிரிவையும், ஜனவரிச் சுற்றுக்குக் கணக்கு முடிக்கும் கன்ட்ரோலர்ஷிப்பையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட் பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் உருவாகும். டிசம்பர் 31-இல் கணக்காண்டு முடிந்தால், பங்குச்சந்தையில் உள்ள பெரிய நிறுவனம் 60 நாளுக்குள் 10-கே எனும் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும். பில் வராத செலவுக்கு டிசம்பரில் போட்ட அக்ரூவல் பதிவு ஜனவரியில் ஏன் ரிவர்ஸ் ஆகிறது, ஆடிட்டர் எந்த இன்வாய்ஸைக் கேட்டு நிற்கிறார் என்பதெல்லாம் அந்த நெருக்கடியில்தான் கண்ணில் படும். மாற்றி வாங்கினால் வேலை இருக்கும், ஆனால் பாதியும் பழைய எக்செல் ஷீட்டைப் புதுப்பிப்பதுதான்.

மைக்ரோசாஃப்ட்டுக்கு ஜூனிலும் ஆப்பிளுக்கு செப்டம்பரிலும் ஆண்டு முடிகிறது. அப்படிப்பட்ட இடங்களில் மாதங்களைத் தள்ளிக் கணக்கிடுங்கள். பிரிவை நிர்வாகமே ஒதுக்கும் திட்டங்களில் இது எடுபடாது.