வீட்டில் ஆர்.வி.க்கு 30 ஆம்ப் அவுட்லெட்: 120 வோல்ட்தான், 240 இல்லை

அமெரிக்காவில் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்கு, பயணம் இல்லாத நாளிலும் பேட்டரி சார்ஜ் ஏற, ஏ.சி. ஓட வீட்டு வாசலில் தனி அவுட்லெட் தேவைப்படும். சின்ன, நடுத்தர வண்டிகளுக்கு அது பெரும்பாலும் டிடி-30 (TT-30) என்ற வகை. 30 ஆம்ப், 120 வோல்ட். 3,600 வாட் வரை தாங்கும்.

வயரைத் தொடுமுன் ஒன்றை மனதில் பதியுங்கள். மூன்று துளையுள்ள டிடி-30 பார்வைக்குப் பழைய டிரையர் (துணி உலர்த்தும் மெஷின்) அவுட்லெட் மாதிரியே இருக்கும். டிரையருக்கு 240 வோல்ட். அந்தப் பழக்கத்தில் அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனே இதற்கும் 240 கொடுத்துவிடுவதுண்டு. என் நண்பரின் வண்டியில் மைக்ரோவேவும் கன்வெர்ட்டரும் அப்படித்தான் கருகின. கதவைத் திறந்தபோது வந்த நெடி இன்னும் நினைவிருக்கிறது. ஊரில் 230 வோல்ட்டோடு வளர்ந்த நமக்கு, மீட்டரில் 240 தெரிந்தாலும் உறுத்தாது. அதுதான் ஆபத்து.

நிறத்திலும் இதே சிக்கல். ஊரில் கறுப்பு வயரை நியூட்ரல் என்று பழகியிருப்போம். இங்கே கறுப்புதான் ஃபேஸ், 'ஹாட்' என்பார்கள். வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் நகராட்சியில் பெர்மிட் வாங்குங்கள். வாங்க வேண்டியவை: 30 ஆம்ப் சிங்கிள் போல் பிரேக்கர் (120 வோல்ட் தருவது; உங்கள் வீட்டு பிரேக்கர் பெட்டியான பேனலுக்குப் பொருந்தும் வகை), டிடி-30 அவுட்லெட், மழைக்கு மூடியுள்ள பெட்டி, பிவிசி கண்டியூட் (வயர் போகும் குழாய்), 10 கேஜ் செம்பு டிஎச்டபிள்யூஎன் (THWN, ஈரம் தாங்கும்) வயர் மூன்று நிறத்தில். 2020 மின்விதிப்படி வீட்டு வெளிப்புற அவுட்லெட்டுக்கு ஜிஎஃப்சிஐ (GFCI, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிப்பது) பாதுகாப்பு வேண்டும். ஜிஎஃப்சிஐ பிரேக்கராகவே வாங்கிவிடுங்கள். தூரம் அதிகமென்றால் வோல்டேஜ் இறங்கி ஏ.சி. திணறும், இன்னும் தடித்த 8 கேஜ் நல்லது.

மெயின் பிரேக்கரை அணையுங்கள். அணைத்த பிறகும் மின்வாரிய வயர் வந்து சேரும் முனைகளில் கரண்ட் இருக்கும்; அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. இந்த இடத்தில் கொஞ்சம் பயம் தோன்றினாலும் பேனல் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

கண்டியூட்டை மண்ணுக்கடியில் கொண்டுபோவதானால் 18 அங்குல ஆழம் வேண்டும். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-ஐ அழைத்தால் குழாய், கேபிள் போகும் இடங்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

அவுட்லெட்டில் கறுப்பு வயர் பித்தளை நிற ஸ்க்ரூவுக்கு, வெள்ளை வெள்ளி நிற ஸ்க்ரூவுக்கு, பச்சை பச்சைக்கு. முறுக்கியதும் வயரை இழுத்துப் பாருங்கள். அசைந்தால் சூடாகி உருகும். பேனலில் கறுப்பு பிரேக்கருக்கு, பச்சை எர்த் பட்டைக்கு. ஜிஎஃப்சிஐ பிரேக்கரில் வெள்ளையும் பிரேக்கருக்கே போகும். அதன் சுருள் வாலைத்தான் நியூட்ரல் பட்டையில் மாட்ட வேண்டும்.

அப்புறம் மெயினைப் போட்டு, வண்டியைச் செருகாமல் மல்டிமீட்டரால் அளக்கவும். ஹாட், நியூட்ரல் இடையே 120. ஹாட், எர்த் இடையே 120. நியூட்ரல், எர்த் இடையே பூஜ்யம். எங்காவது 240 காட்டினால் உடனே அணைத்து பிரேக்கரைப் பாருங்கள். சிங்கிள் போலுக்குப் பதில் 240 தரும் டபுள் போல் மாட்டியிருக்கும்.

மூன்றும் சரியென்றால், வண்டியின் மெயினை அணைத்த நிலையில் பிளக்கைச் செருகி, பிறகு உள்ளே ஒவ்வொரு பிரேக்கராகப் போடுங்கள். ஏ.சி. கடைசியில்.