ஆமி வேலை: மலையகத்தில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்
தியத்தலாவை இராணுவ முகாமைத் தாண்டித்தான் பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் போய்வருகிறோம். ஆனாலும் அந்த வாசலுக்குள் தம் பிள்ளை சீருடையோடு நுழையலாம் என்ற எண்ணம் தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளுக்கு நெடுங்காலம் அந்நியமாகவே இருந்தது. இப்போது சில வீடுகளில் அந்தப் பேச்சு எழுகிறது என்றால், அதை இராணுவத்தின் மீது வந்த பற்றாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் தகப்பன், மகன் நீட்டிய விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்பது "பென்சன் இருக்கா?" என்பதைத்தான். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. வேலை கொடுக்கப்படாத நாளுக்கு அதுவும் இல்லை.

சேராதவர்களை நாட்டுப்பற்று அற்றவர்கள் என்பது அதைவிடப் பெரிய தவறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. கடைசிவரை நாடற்றவர்களாகவே எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச உத்தியோகமே எட்டாக்கனியாக இருக்க, இராணுவத்தில் ஏன் சேரவில்லை என்று அவரை எப்படிக் கேட்பது? போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்ற நினைவும் இன்னும் ஆறவில்லை. அதற்காக வடக்கின் போர் அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்துவதும் சரியாகாது.

இராணுவத்தின் ஒரு பிரிவான 'தொண்டர் படை' என்ற பெயரைக் கேட்டுச் சம்பளமில்லாச் சேவை என்று நினைப்பவர்களும் உண்டு. பணிக்கு அழைக்கப்பட்டவருக்குச் சம்பளம் உண்டு. (மலைநாட்டில் ஒரு காலத்தில் தொண்டர் என்றால் தோட்டங்களை நடத்திய துரைமார்தான்: 1900இல் தொடங்கிய தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியர்களால் ஆனது, 1949இல் கலைக்கப்பட்டது.) கட்டாயமாக ஆள் பிடிக்கும் முறை இலங்கையில் நடைமுறையில் இல்லை.

இன்னொன்று, இந்தக் கதவு என்றும் அகலத் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை. 2,00,783 ஆக இருந்த இராணுவத்தின் ஆளணி எண்ணிக்கையை 2030க்குள் 1,00,000 ஆகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. இங்கே கதவு குறுகும்போது 'வெளிநாட்டு ஆமி' என்று சொல்லும் தரகரை நம்புவதுதான் உயிரைக் கேட்கும் தவறு. ரஷ்ய–உக்ரைன் போர்முனைக்கு ஏமாற்றி அனுப்பப்பட்ட இலங்கையர் பற்றி 2024இல் முறைப்பாடுகள் வந்தன. அவர்களில் பலர் இங்கே படையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள். துப்பாக்கி பிடித்துப் பழகியவர்களையே சம்பளக் கணக்குக் காட்டி ஏமாற்ற முடிந்திருக்கிறது.