பாம்புப் பெட்டிக்குச் சூடு வைக்கிறதெண்டா முதல்ல தெர்மோஸ்டாட், பிறகுதான் ஹீட் மேட்

நான் திருகோணமலையில, உப்புவெளிப் பக்கம், கோழிக்குஞ்சு பொரிக்கிற மெசின் செய்து குடுக்கிற ஆள். அக்காட மகன் ரொறன்டோவில இருக்கிறான், அவன் போல் பைதன் எண்ட ஒரு பாம்பு வளர்க்கிறான், போன மாரியில ஒரு நாள் ராவு வீடியோ கோல் எடுத்து "மாமா, ஹீட் மேட் வாங்கிட்டன், பெட்டிக்குக் கீழ ஒட்டி பிளக்கில குத்தினா சரிதானே" எண்டான். ஹீட் மேட் எண்டது கரண்டில சூடாகிற மெல்லிய விரிப்பு, தெர்மோஸ்டாட் எண்டது சூடு அளவுக்கு வந்ததும் அந்தக் கரண்டை வெட்டுற சாமான். தெர்மோஸ்டாட் எங்கடா எண்டு கேட்டன், அப்பிடி ஒண்டு வேணுமெண்டே அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. உடன கழட்டி வை எண்டு சொல்லிப்போட்டு, பிறகு ரெண்டு கிழமையா கோல்லயே இருந்து ஒவ்வொண்டாச் செய்து முடிச்சம். அதைத்தான் இங்க எழுதுறன், ஏனெண்டா நம்மட ஊரில கன பேருக்கு வெளிநாட்டில இப்பிடி மருமக்கள் பேரப்பிள்ளையள் இருக்கு, மெசின் வேலை தெரிஞ்ச நாங்கதான் அவையளுக்குச் சொல்லிக் குடுக்கோணும்.

ஒண்டை முதல்லயே சொல்லுறன். இங்க காட்டில வயலில காணுற மலைப்பாம்பைப் பிடிச்சுக் கூட்டில வைக்கிற வேலை வேண்டாம், அது சட்டப்படி குற்றம், பாம்புக்கும் பாவம். வெளிநாட்டுப் பாம்பெண்டாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தில கேட்டு, பேப்பர் சரியா இருந்தா மட்டும்தான் யோசிக்கோணும்.

சரி, பாம்புக்கு ஏன் சூடு? அதுக்கு உடம்புக்குள்ள சூடு உண்டாக்க ஏலாது, வெளியில இருந்துதான் எடுக்கும், சூடு காணாட்டி விழுங்கின எலி வயித்துக்குள்ள செமிக்காம பழுதாப்போகும், கக்கிப்போடும், அப்பிடியே ரெண்டு மூண்டு தரம் கக்கினா மெலிஞ்சு போயிரும். அதுக்காக பெட்டி முழுக்க ஒரே சூடா வைக்கவும் கூடாது. ஒரு பக்கம் சூடு, மற்றப் பக்கம் குளிர்ச்சி, பாம்பு தனக்கு வேண்டின இடத்துக்கு ஊர்ந்து போகோணும். போல் பைதனுக்கு சூட்டுப் பக்கம் நிலத்தில 31இல இருந்து 33 டிகிரி, குளிர்ப் பக்கம் 25இல இருந்து 27, ராவில 24க்குக் கீழ போக விடக் கூடாது. கோர்ன் ஸ்நேக் எண்ட மற்ற வளர்ப்புப் பாம்பெண்டா அதை விடக் குறைவு, சூட்டுப் பக்கம் 28இல இருந்து 30, மற்றப் பக்கம் 22, 24 காணும். ரெண்டு பக்கமும் ஒளிக்கிறதுக்கு ஒவ்வொரு மறைவு வைக்கோணும், ஒரு பக்கம் மட்டும் வச்சா பயத்தில அது மறைவை விட்டு வராது, சூடு கூடினாலும் அங்கயே கிடக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். சூடு குடுக்கிறது லேசான வேலை, பத்து நிமிசத்தில முடியும். சூட்டை நேரத்துக்கு நிப்பாட்டுறதுதான் வேலை. ஹீட் மேட் எண்டது கரண்ட் இருக்கும் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும், அதுக்குப் பாம்பு இருக்கா இல்லையா எண்டு தெரியாது, தெர்மோஸ்டாட் இல்லாம விட்டா கண்ணாடி 45 டிகிரியைத் தாண்டுறது பெரிய விசயமில்லை. சுட்டா பாம்பு எழும்பிப் போயிரும்தானே எண்டு கன பேர் நினைக்கிறவை, அதை நம்பேலாது, வயிறு வெந்து போகும் வரைக்கும் அதிலயே சுருண்டு கிடந்த பாம்புகளை மிருக வைத்தியர்மார் கண்டிருக்கினம். உள்ளுக்க வைக்கிற கரண்ட் கல்லு எண்டு ஒண்டு விக்கிறாங்கள், அதை வாங்கவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட் வாங்கினதோட முடியேல்ல, அதிட சென்சர், அதாவது சூட்டை அளக்கிற வயர் முனை, எங்க இருக்கு எண்டதிலதான் எல்லாம். கொஞ்ச வருசத்துக்கு முதல் எனக்கு நடந்ததைச் சொல்லுறன். அறுபது முட்டை வச்ச மெசினில சென்சர் வயர் நழுவி பெட்டிக்கு வெளியில தொங்கிட்டுது, வெளியில 27, மெசினுக்கு அதுதான் கணக்கு, இன்னும் குளிர் இன்னும் குளிர் எண்டு விடிய விடிய பல்பை எரிச்சிருக்கு, காலமை திறந்து பார்த்தா உள்ளுக்க 46 டிகிரி. பத்தொன்பது நாள் குஞ்சு, இன்னும் ரெண்டு நாளில வெளியில வரவேண்டியது, எல்லாம் கோதுக்குள்ளயே செத்துக் கிடந்திச்சு. மெசினில ஒரு பிழையும் இல்லை, நான்தான் சென்சரை இறுக்கிக் கட்டேல்ல. அந்தப் பெட்டியைத் திறந்த நேரம் வந்த சூட்டு மணம் இப்பவும் எனக்கு மறக்கேல்ல.

அதனாலதான் மருமகனுக்குச் சொன்னன், சென்சரை உள்ளுக்க சும்மா போடாத எண்டு. பாம்பு தள்ளிப்போடும், தண்ணிக் கோப்பைக்குள்ள விழும், அதுக்கு மேல மூத்திரம் போகும், நனைஞ்ச சென்சர் குளிர் எண்டு சொல்லும், மேட் நிக்காம எரியும். மேட்டுக்கும் பெட்டியிட அடிக் கண்ணாடிக்கும் நடுவில, மேட்டிட நடுப்பக்கத்தில வச்சு, சூடு தாங்குற டேப்பால ஒட்டி, வயரையும் ஒரு சாண் தள்ளி இன்னொரு இடத்தில ஒட்டோணும், ஆரும் காலில இழுத்தாலும் சென்சர் அசையக் கூடாது. இப்பிடி வெளியில வச்சா சென்சர் காட்டுறதும் உள்ளுக்க பாம்பு படுக்கிற இடத்திட சூடும் ஒண்டா இருக்காது, உள்ளுக்க கொஞ்சம் குறைவா இருக்கும். அதுக்கு வேற ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டரிட சென்சரை உள்ளுக்க, மறைவுக்குக் கீழ நிலத்தில வச்சு, அது 32 காட்டும் வரைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டோணும், ஒரேயடியா இல்லை, அரை டிகிரி கூட்டி ரெண்டு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்தது.

மேட் பெட்டியிட மூண்டில ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. மடிக்கக் கூடாது. பெட்டிக்குக் கீழ சின்ன ரப்பர் கால் நாலு ஒட்டி காத்து ஓட விடுங்கோ. மேல போடுற மரத்தூளும் ரெண்டு சென்ரிமீட்டர் காணும், கனக்கப் போட்டா சூடு மேல வராம கீழயே தேங்கும், தெர்மோமீட்டர் குறைவாக் காட்டும், நாங்க இன்னும் கூட்டுவம், பாம்பு தூளைக் கிளறிக்கொண்டு கீழ போய்ச் சுடு கண்ணாடியில படுத்திரும்.

ரொறன்டோ மாதிரி குளிர் நாட்டில மேட் மட்டும் காணாது, உள்ளுக்க காத்தும் சூடாகோணும், அதுக்கு வெளிச்சம் இல்லாத செரமிக் ஹீட்டர் போடலாம். அதுக்கு பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிப்போகும், பீங்கான் ஹோல்டர்தான். சுத்திக் கம்பிக்கூடு கட்டாயம். அதுக்கும் தனித் தெர்மோஸ்டாட்.

குஞ்சு மெசினுக்கு நாங்க போடுற எஸ்டிசி 1000 எண்ட தெர்மோஸ்டாட் இதுக்கும் நல்ல சாமான், பத்து அம்பியர் தாங்கும், வித்தியாசத்தை, அதாவது சூடு எவ்வளவு இறங்கினா திரும்ப ஓன் ஆகோணும் எண்டதை, 0.5 எண்டு வையுங்கோ. ஆனா அதிட பின்பக்கம் கரண்ட் முனை திறந்தபடி இருக்கு, அதுக்கெண்டு வேற ஒரு சின்னப் பெட்டிக்குள்ள பூட்டி மூடாம வைக்காதீங்க, வயரிங் தெரியாட்டி தெரிஞ்சவரைக் கூப்பிடுங்கோ. இன்னொண்டு, தெர்மோஸ்டாட்டுக்குள்ள கரண்டை வெட்டுற ரிலே மலிவா இருந்தா சில நேரம் ஒட்டிக்கொண்டு ஓஃப் ஆகாமலே நிண்டிரும், அந்த நேரம் திரையில சரியான நம்பர் ஓடும் ஆனா மேட் எரிஞ்சுகொண்டே இருக்கும். அதுக்குத்தான் நான் ரெண்டாவது தெர்மோஸ்டாட் ஒண்டையும் வரிசையில போடுறனான், முதலாவதை விட மூண்டு டிகிரி கூட்டி, தன்ர சென்சரோட. முதலாவது செத்தா ரெண்டாவது வெட்டும். கொஞ்சக் காசு கூடச் செலவாகும்தான், அதில மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வெளிநாட்டில இருந்து பார்சலில வாற ஹீட் மேட் பற்றிக் கட்டாயம் சொல்லோணும். கனடாவில 120 வோல்ட், நம்மட 230. பிளக்கை மாத்துற அடப்டர் காலை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. அங்க 16 வாட் மேட் இங்க கிட்டத்தட்ட 59 வாட் இழுக்கும், அதாவது நாலு மடங்குக்குக் கிட்ட, பாம்பு மட்டுமில்லை வீடும் எரியும். லேபிளில 220இல இருந்து 240 எண்டு இருந்தா மட்டும் குத்துங்கோ. ட்ரிப் சுவிச் வேலை செய்யுதா எண்டு டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கோ, கடல் காத்தில பிளக் கால் பச்சை பிடிச்சிருந்தா மாத்துங்கோ, வயர் பிளக்குக்குக் கீழ தொங்கி வளைஞ்சு வரட்டும், தண்ணி வழிஞ்சாலும் பிளக்குக்குள்ள போகாது.

இனி அளக்கிற கதை. கைய வச்சுப் பார்த்துச் சொல்லுற ஆக்கள் இருக்கினம். இங்க கன்னியாவில வெந்நீர்க் கிணறு ஏழிலயும் கை வச்சுப் பார்த்தவைக்குத் தெரியும், சூட்டுக் கிணத்தில அள்ளிப்போட்டு அடுத்ததில வச்சா பச்சைத்தண்ணி மாதிரி இருக்கும், அதுவும் சுடுதண்ணிதான். கை அளவுகோல் இல்லை. கண்ணாடியில ஒட்டுற வட்டத் தெர்மோமீட்டரும் வேண்டாம், அது கண்ணாடிச் சுவரைத்தான் காட்டும். வயர் சென்சர் உள்ள டிஜிட்டல் ரெண்டு வாங்குங்கோ, ஒண்டு சூட்டுப் பக்கம், ஒண்டு குளிர்ப் பக்கம், கூடினது குறைஞ்சதை ஞாபகம் வச்சிருக்கிற வகையா இருந்தா ராவில நடந்ததைக் காலமை பார்க்கலாம். வாங்கினதை அப்பிடியே நம்ப வேண்டாம், ஐஸை நல்லா நொறுக்கிக் கொஞ்சத் தண்ணி விட்டுக் கலக்கி அதுக்குள்ள சென்சரைப் பிடிச்சா பூச்சியம் காட்டோணும். ஒண்டு காட்டினா அந்த ஒண்டைக் கழிச்சுக் கணக்குப் பாருங்கோ, மூண்டு நாலு காட்டினா கடையில திருப்பிக் குடுங்கோ. எல்லாம் பூட்டின பிறகும் ரெண்டு நாள் வெறும் பெட்டியா ஓட விட்டு, காலமையும் ராவும் நம்பரைக் கொப்பியில எழுதிப் பார்த்துத்தான் பாம்பை விடோணும். மருமகன் அவசரப்பட்டான், நான் விடேல்ல, ரெண்டாம் நாள் ராவு குளிர்ப் பக்கம் 21க்கு இறங்கினதை அவனே கண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில இருந்த பெட்டியை உள்பக்கமா மாத்தினான்.

இங்க நம்மட ஊரில வேற பிரச்சினை. மாரியில மழை ராவுகளில கொஞ்சம் சூடு தேவைப்படும், கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில தகரக் கூரைக்குக் கீழ அறையே 35ஐத் தாண்டும், அப்ப மேட்டைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. குளிர்ப் பக்கம் 30ஐத் தாண்டினா பெட்டியைச் சீமெந்து நிலத்துக்கு இறக்குங்கோ, உறைஞ்ச தண்ணிப் போத்தலைத் துணியில சுத்திப் பெட்டிக்கு வெளியில குளிர்ப் பக்கச் சுவரோட சாத்துங்கோ, வெயில் விழுற ஜன்னலில பெட்டியை ஒரு நாளும் வைக்காதீங்க.

கரண்ட் போறதுக்கும் ஆயத்தமா இருங்கோ. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வெட்டினதை மறந்திருக்க மாட்டம், ரொறன்டோவிலயும் 2013 டிசம்பர் ஐஸ் புயலுக்கு நாள்க்கணக்கில கரண்ட் இல்லை. பாம்பைத் துணிப்பையில விட்டு, மீன் ஏத்துற ரெஜிபோம் பெட்டிக்குள்ள வச்சு, மூடியில காத்துக்கு ஓட்டை போட்டு, கை பொறுக்கிற சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்தி ஒரு பக்கம் மட்டும் வையுங்கோ, உள்ளுக்க தெர்மோமீட்டரும் போடுங்கோ. கரண்ட் வந்து சூடு பழையபடி ஏறும் வரைக்கும் எலி குடுக்க வேண்டாம்.

ஆறு மாசத்துக்கொருக்கா அந்த ஐஸ் டெஸ்டைத் திரும்பச் செய்யுங்கோ, டேப் சூட்டில காய்ஞ்சு கழண்டிருக்கா எண்டு பெட்டியைத் தூக்கிக் கீழ பாருங்கோ.