உளவியல் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்வது எப்படி?

பி.எஸ்சி. உளவியல் படிப்பவர்களுக்கு 'லேப்' என்றதும் ப்ராக்டிகல் வகுப்புதான் நினைவுக்கு வரும். கண்ணாடியைப் பார்த்தபடி நட்சத்திரம் வரைவது, முல்லர்-லையர் கோடுகளில் (நுனியிலுள்ள அம்புக்குறிகளால் நீளம் மாறித் தெரியும் கோடுகள்) எது நீளம் என்று சொல்வது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவது. இதெல்லாம் விடை ஏற்கெனவே தெரிந்த சோதனைகள். ஆய்வகத்தில் நடக்கும் சோதனையின் விடை பேராசிரியருக்கே தெரியாது. அப்படி ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால், பாடப்புத்தகத்தைப் படிக்கும் விதமே மாறிவிடும். என்னிடம் கேட்கும் மாணவர்களிடமெல்லாம் இரண்டாம் ஆண்டிலேயே முயன்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில், எங்கே தேடுவது?

அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல இடங்களுக்கு விளம்பரமே வராது. போய்க் கேட்டவருக்குக் கிடைக்கும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், சிதம்பரம் அண்ணாமலை, புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்று உளவியல் துறைகள் இருக்கின்றன. அங்கே பிஎச்டி செய்பவர்களுக்குத் தரவு சேகரிக்க எப்போதும் ஆள் தேவைப்படும். கவனம், நினைவு, மொழி போன்றவற்றைச் சோதனை மூலம் ஆராயும் லேப்கள் வேண்டுமென்றால் ஹைதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம், கான்பூர் மற்றும் காந்திநகர் ஐஐடிகளில் அறிதல் அறிவியல் (காக்னிட்டிவ் சயன்ஸ்) என்ற பெயரில் தேடுங்கள். மனநலம் சார்ந்த ஆய்வு என்றால் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ். 'உளவியல்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் தேடினால் இவற்றில் பாதி கண்ணில் படாது.

ஒரே ஒரு கட்டுரை

துறையின் இணையதளத்தில் பேராசிரியர்களின் பக்கங்கள் இருக்கும். உங்களுக்குப் பிடித்த கேள்வியை ஆராயும் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுதிய ஒரு கட்டுரையைப் படியுங்கள். புள்ளியியல் பகுதி புரியாவிட்டால் பரவாயில்லை. யாரை வைத்துச் செய்தார்கள், என்ன செய்யச் சொன்னார்கள், எதை அளந்தார்கள் என்ற மூன்றும் புரிந்தால் போதும்.

மாணவராக இருந்தபோது நான் ஒரே மெயிலைப் பெயரை மட்டும் மாற்றி இருபது பேருக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. இன்று அதுபோன்ற மெயில்கள் எனக்கு வரும்போது காரணம் புரிகிறது. 'தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்' என்று தொடங்கும் கடிதம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதியதாக இருக்கலாம்.

மெயில்

ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். உள்ளடக்கம் கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. உளவியல் மாணவி. இருமொழி பேசுபவர்களிடம் நீங்கள் செய்த ஸ்ட்ரூப் சோதனை பற்றிய கட்டுரையைப் படித்தேன். பங்கேற்றவர்கள் இரண்டு மொழிகளையும் பள்ளியில் படித்தவர்கள். ஆங்கிலத்தைப் பேசிப் பழகி, வாசிக்க அதிகம் பழகாதவர்களிடமும் இதே முடிவு வருமா என்று தோன்றியது. மே, ஜூன் மாதங்களில் வாரம் மூன்று நாள் என்னால் லேபுக்கு வர முடியும். தரவு பதிவு, பங்கேற்பாளர்களை அழைப்பது போன்ற எந்த வேலையையும் செய்கிறேன். சுயவிவரம் இணைத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். ஸ்ட்ரூப் சோதனை தெரியும்தானே? 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. நாக்கு தடுமாறும். 1935-இல் வெளிவந்த அந்தச் சோதனையை இன்றும் புதுப்புது கேள்விகளோடு செய்கிறார்கள்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதே லேபின் பிஎச்டி மாணவருக்கு எழுதிப் பாருங்கள். உதவி ஆள் வேண்டும் என்ற தவிப்பு அவருக்குத்தான் அதிகம்.

மதிப்பெண் குறைவாக இருக்கிறதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருபவரா, தவறு செய்தால் மறைக்காமல் சொல்பவரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

போகும் முன் கொஞ்சம் தயாரிப்பு

ஜாஸ்ப் (JASP) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளை இறக்கி, அதோடு வரும் மாதிரித் தரவில் ஒரு டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) செய்து பாருங்கள். சோதனைகளை உருவாக்க உதவும் சைகோபை (PsychoPy) என்பதும் இலவசம். அதில் ஒரு எளிய ஸ்ட்ரூப் சோதனையை நீங்களே உருவாக்கலாம், ஒரு வார இறுதி போதும். எக்செல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழும் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கேட்பார்கள். முன்னதாகவே துறைத் தலைவரிடம் சொல்லி வையுங்கள்.

முதல் மாதம் என்ன நடக்கும்?

பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் ஒப்புதல் படிவம் வாங்கும் வேலை வரும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மனிதர்களை வைத்து எந்த ஆய்வு செய்தாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பங்கேற்பவர் எந்த நிமிடத்திலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம். அதை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. உங்கள் ஜூனியர் ஒருவர் கூச்சத்தால் தலையாட்டினால், அது ஒப்புதல் ஆகாது.

அடுத்தது தரவு. ஒரு மாணவர் அனுப்பிய கோப்பில் ஒருவருடைய பதில் நேரம் 38 மில்லிசெகண்ட் என்று இருந்தது. கண்ணால் பார்த்துப் பட்டனை அழுத்த மனிதருக்குப் பொதுவாக 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அப்படியானால் அவர் படம் வருவதற்கு முன்பே அழுத்தத் தொடங்கிவிட்டார். அந்த மாணவர் எண்ணை மாற்றவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் ஒரு குறிப்பு எழுதி, எங்களிடம் கேட்டார். அன்றே அவரை நம்பி அடுத்த வேலையைக் கொடுத்தோம். 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய கூட்டாய்வில் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் முறைப்படி முடிவு உறுதியானது. அதிலிருந்து இந்தச் சின்னக் குறிப்புகளின் மதிப்பு எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும்.

தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது: வினாப்பட்டியல்களைத் தமிழாக்குவது. ஆங்கிலத்தில் சோகத்தை 'நீலமாக உணர்ந்தேன்' என்பார்கள். அதை அப்படியே தமிழில் போட்டால் மதுரையில் பதில் சொல்பவர் திகைத்துப் போவார். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பயத்துக்கு 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று எழுதலாமா, அது எல்லா ஊரிலும் ஒரே அளவு பயமா என்று ஒரு மதியம் முழுக்க விவாதித்திருக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பாட்டியிடம் பேசிப் பழகிய மாணவர்கள் இதில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

பணம் பற்றி

பெரும்பாலான இடங்களில் உதவித்தொகை இருக்காது. போக்குவரத்துச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை உண்டா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. நிறுவனமே அறிவித்து ரசீது கொடுக்கும் பயிற்சிக் கட்டணம் வேறு. பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் 'ஆய்வுப் பயிற்சி'ச் சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றின் பக்கம் போகாதீர்கள். என்ன தரவு, யாருடைய வழிகாட்டுதல் என்று கேட்டுப் பாருங்கள், பதில் இருக்காது.

விடைபெறும்போது

நீங்கள் செய்த கோப்புகளை எல்லாம் லேப் கணினியில் பெயரும் தேதியும் போட்டு வைத்துவிட்டு, உங்கள் மடிக்கணினியில் உள்ள பங்கேற்பாளர் விவரங்களை அழித்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் கடைசி தேதிக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது, எந்த மாதத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி மெயிலோடு இணையுங்கள். எழுதுபவருக்கு அதுதான் கைகொடுக்கும்.