ஜோஜோ தொட்டியில் எவ்வளவு தண்ணீர்? போனிலேயே பார்க்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழாய்த் தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அங்கே சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் இன்னும் அதைத் தட்டிப் பார்த்துத்தான் அளவு சொல்கிறார்கள். (தாத்தாக்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்!)

வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இணைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடும் வீடு என்றால், வைஃபை உள்ள ஒரு சின்ன ஈஎஸ்பி32 போர்டும், ஒலி அனுப்பி எதிரொலியால் நீர்மட்டத்தின் தூரத்தை அளக்கும் நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சாரும் போதும். போர்டுக்கான ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் சில வரி எழுதினால், ஹப் (ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கணினி) போர்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது சென்சாரின் இடம். 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நிறைந்த தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி குழப்பும். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் அளவை போர்டுக்கு அனுப்பும் அதன் எக்கோ பின்னும் 5 வோல்ட் தரும். ஈஎஸ்பி32 தாங்குவது 3.3தான். எக்கோவுக்கும் போர்டின் பின்னுக்கும் நடுவில் 1 கிலோஓம், அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைத்துவிடுங்கள்.

மூடியின் அடியில் நீர்த்துளி படிந்தால் அளவு தாறுமாறாகக் குதிக்கும். ஈஎஸ்பிஹோமில் மீடியன் ஃபில்டர் (பல அளவுகளில் நடுவில் வருவதை மட்டும் எடுப்பது) சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம், மின்வெட்டு நேரத்திலும் அளவு வர வேண்டுமென்றால் போர்டு, ஹப், வைஃபை ரவுட்டர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.