தாள்களைக் கட்டிவைக்க நூலும் அட்டையும் போதும்

ஆவணங்களைக் கட்டத் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கட்டைப் பின்னாளில் தாளுக்குச் சேதமின்றிப் பிரிக்க முடியுமா? முடியுமானால் இடையில் புதிய தாளைச் சேர்க்கலாம், நகல் எடுக்கலாம், தேவை தீர்ந்ததும் மறுசுழற்சிக்கு அனுப்பலாம். இந்த அளவுகோலில் முதலில் விலக்கத்தக்கது லேமினேஷன். வெப்பத்தில் உருகித் தாளோடு ஒன்றிவிடும் அந்தப் படலத்தைப் பிறகு உரித்தெடுக்க இயலாது. செல்லோ டேப்பின் பசையும் நாளடைவில் மஞ்சளித்துத் தாளுக்குள் கறையாக ஊறிவிடும். ஸ்பைரல் பைண்டிங் அவ்வளவு மோசமில்லை. சுருளைக் கழற்றி அதே அளவுள்ள வேறொரு கட்டுக்குப் பயன்படுத்தலாம்.

தனித்தனித் தாள்களுக்கு, துளைகளில் கோத்துக் கட்டும் பருத்தி நூல் டேக்கை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கருத்து. இரட்டைத் துளையிடும் கருவிகள் பெரும்பாலும் பின்பற்றும் ஐஎஸ்ஓ 838 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, துளைகளின் மையங்களுக்கு இடையே 80 மி.மீ. தொலைவும், தாளின் விளிம்பிலிருந்து துளையின் மையத்துக்கு 12 மி.மீ. தொலைவும் இருக்கும். ஆகவே, அச்சிடும்போதே இடப்பக்கத்தில் 25 மி.மீ. அளவுக்கு இடம் விட்டுவிட்டால் எழுத்துகள் கட்டுக்குள் மறையாது. மேலும் கீழும் ஒரு பழைய அட்டை வீதம் வைத்துக் கோத்தால் ஓரங்கள் மடங்காமல் இருக்கும்.

நடுவில் மடித்த தாள்களைத் தைத்துவிடுவதே அழகு; எட்டுப் பத்துத் தாள்கள் வரை இதற்கு மூன்று துளைகள் போதும். மடிப்பின் நடுவில் ஒன்றும், அதற்கு மேலும் கீழும் சம தொலைவில் ஒவ்வொன்றுமாகத் துளையிட்டு, மடிப்பின் நீளத்தைப் போல் இரண்டரை மடங்கு நூலை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். நடுத்துளை வழியே உள்ளிருந்து வெளியே ஊசியைச் செலுத்தி, மேல்துளை வழியே உள்ளே கொண்டுவந்து, உட்புறமாகவே கீழ்த்துளைக்குப் போய் அதன் வழியே வெளியேறி, மறுபடியும் நடுத்துளை வழியே உள்ளே வாருங்கள். உட்புறம் நீளமாக ஓடும் நூலுக்கு இருபுறமும் இரு முனைகளும் அமையுமாறு நிறுத்தி, தளர்வில்லாமல் இழுத்து முடிச்சிட வேண்டும். நூலை மடிப்பின் திசையிலேயே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் தாள் கிழியும்.

நான்கைந்து தாள்களை மட்டும் இணைக்க, கம்பிப் பின் இல்லாமல் தாளையே வெட்டி மடித்துக் கோக்கும் ஸ்டேப்ளரே போதும். சாதாரண ஸ்டேப்ளர் பின்னைக் காகித ஆலைகள் பொதுவாக வடிகட்டிப் பிரித்துவிடும் என்பதால் மறுசுழற்சிக்கு அது பெரிய தடையில்லை; ஆனால் ஈரப்பதத்தில் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும் என்பதால் நெடுங்காலம் வைத்திருக்கும் ஆவணங்களில் அதைத் தவிர்ப்பது நல்லது.

கட்டியவற்றை வைக்க உறுதியான அட்டைப்பெட்டி போதுமானது. அதைத் தரையிலிருந்து உயர்த்தி, ஈரம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஈரம் தேங்கும் இடத்தைத் தேடித்தான் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வரும். பிவிசி உறைகள் பளபளப்பாக இருந்தாலும், அவற்றை மிருதுவாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் கசிந்து லேசர் அச்செழுத்துகளை உறையோடு ஒட்டிக்கொள்ளச் செய்யும். ரசீதுகளில் பெரும்பாலானவை, மை இல்லாமல் வெப்பத்தால் எழுத்து தோன்றும் வேதிப்பூச்சுள்ள வெப்பத்தாளில் அச்சானவை. எந்த உறையில் வைத்தாலும் எழுத்து மங்கிவிடும் என்பதால், அவற்றைச் சாதாரணத் தாளில் நகலெடுத்து அந்த நகலையே கோப்பில் சேருங்கள். அசலைக் காகிதக் கழிவோடு கலக்காமல் தனியே அப்புறப்படுத்துங்கள்.